மதுவிலக்கின் அப்போஸ்தலர் தந்தை தியோபால்டு மேத்யு

அயர்லாந்து நாட்டின் திப்பரேரி பகுதியில், தாமஸ்டவுன் என்னும் இடத்தில், 1790-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தியோபால்டு மேத்யு பிறந்தார். மேனூத் குருமடத்தில் சேர்ந்த இளைஞர், தம் அறையில் தோழர்களுக்கு விருந்து வைத்ததால் விதியை மீறியவராகி, 1808-இல் அங்கிருந்து விலக நேர்ந்தது. விருந்தோம்பலில் வந்த வினை! ஆனால் இறைவன் அவரைக் கைவிடவில்லை. கப்புச்சின் சபை அவரை ஏற்றுக்கொண்டது. குருப்பட்டம் பெற்றபின் கார்க் நகரின் சிறியதொரு மடத்திற்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் ஏழைகளின் குருவானார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஏழைகளை மரியாதையாக அடக்கம் செய்ய இடமில்லாததைக் கண்டு, 1830-இல் நகரின் தாவரத் தோட்டத்தை வாங்கிக் கல்லறைத் தோட்டமாக்கினார். 1832-இல் வாந்திபேதி பரவியபோது நோயாளிகளை விட்டு அகலவில்லை.

அக்காலத்து அயர்லாந்தில் பிறப்புக்கும் குடி, இறப்புக்கும் குடி, சந்தைக்குப் போனாலும் குடி. சில இடங்களில் கூலியே மதுக்கடையில்தான் கையில் கிடைக்கும். வாங்கிய கூலி வீடு வந்து சேருமா? குடிப்பவனைத் தனியே கண்டிப்பதால் மட்டும் இது தீராது. ஊர்ப் பழக்கமே மாற வேண்டும்.

இதை நம் தந்தைக்கு இடைவிடாமல் எடுத்துச் சொன்னவர் வில்லியம் மார்ட்டின். இவர் கத்தோலிக்கர் அல்லர், குவேக்கர் சபையினர். கார்க் நகர ஏழைகள் விடுதியின் நிர்வாகக் குழுவில் இருவரும் இருந்தனர். குடியால் சீரழிந்து அங்கு வந்தவர்களைக் காட்டி, மக்கள் நம்பும் குரு ஒருவர் முன்வந்தால் இதை மாற்றலாம் என்று மார்ட்டின் வற்புறுத்தி வந்தார். நல்லதை யார் வாயால் கேட்டாலும் ஏற்கும் மனம் தந்தை மேத்யுவுக்கு இருந்தது. 1838 ஏப்ரல் 10-ஆம் நாள் இரவு, தம் பள்ளி அறையில் கூடியவர்கள் முன் பதிவேட்டில் தம் பெயரையே முதலில் எழுதினார். அன்று அவரைப் பின்பற்றிக் கையொப்பமிட்டவர்கள் சுமார் 60 பேர்.

தானும் மதுவைத் தொடுவதில்லை, பிறரையும் அறிவுரையாலும் முன்மாதிரியாலும் தடுப்பேன் என்பதே வாக்குறுதியின் சாரம். இரண்டாவது பகுதியைக் கவனிக்க வேண்டும். வாக்களித்த ஒவ்வொருவரும் ஊருக்கு ஓர் ஊழியராகிவிடுகிறார். மக்கள் முழந்தாளிட்டு வாக்களித்து, அட்டையும் பதக்கமும் பெற்றுச் சென்றனர். மாலை நேரத்தில் மதுக்கடையை விட்டால் போவதற்கு இடம் வேண்டாமா? ஊர்தோறும் படிப்பறைகள் தோன்றின. இளைஞர்கள் வாத்தியம் கற்று இசைக்குழு அமைத்தனர். குடும்பத்தோடு வரும் தேநீர் விருந்துகள் நடந்தன. 1839 டிசம்பரில் லிமரிக் நகரில் சில நாள்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். வரி செலுத்தி விற்ற சாராயத்தின் அளவு, சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸும் 1845-இல் கார்க் நகரில் இவரிடம் வாக்களித்தார்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கேட்ட ஏழைகளுக்கெல்லாம் பதக்கங்களை இலவசமாகக் கொடுத்ததால் கடன் கழுத்தை நெரித்தது. கடனுக்காகக் கைதும் செய்யப்பட்டார். 1849-இல் அமெரிக்கா சென்றபோது, அடிமை முறையை எதிர்த்து முன்பு கையொப்பமிட்டிருந்தும், அங்கே அதைப் பற்றிப் பேச மறுத்தார். மதுவிலக்குப் பணி கெட்டுவிடும் என்ற அச்சமே காரணம். டக்ளஸ் போன்றோர் மனம் வருந்தினர். அது நியாயமான வருத்தமே என்று நாம் எண்ணுகிறோம்.

இதற்கிடையே 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் மடிந்தனர், லட்சக்கணக்கானோர் கப்பலேறினர். தந்தை மேத்யு கஞ்சித் தொட்டிகள் நடத்தினார்; மக்களின் நிலையை அரசுக்கு விடாமல் எழுதினார். படிப்பறைகளும் இசைக்குழுக்களும் கலைந்தன. வாக்களித்தவர்களைத் தொடர்ந்து பேண உறுதியான அமைப்பு இல்லாததால், பலர் பழைய வழிக்குத் திரும்பினர். இந்தக் குறையை உணர்ந்தே, 1898-இல் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன், நீண்ட பயிற்சிக்காலம் வைத்து முன்னோடிகள் சங்கத்தை டப்ளின் நகரில் தொடங்கினார்.

1848-இல் பக்கவாதம் தாக்கியிருந்தும், நம் தந்தை அமெரிக்காவில் இரண்டரை ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, லட்சக்கணக்கானோரிடம் வாக்குறுதி பெற்றார். 1851 இறுதியில் உடல் நலிந்தவராகத் தாயகம் திரும்பினார். 1856 டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாளில், கார்க் துறைமுக நகரான குவீன்ஸ்டவுனில் இறைவனடி சேர்ந்தார். ஏழைகளுக்கென்று தாம் வாங்கிய அதே கல்லறைத் தோட்டத்தில், அவர்கள் நடுவிலேயே அவரை அடக்கம் செய்தனர்.