சங்கம் கட்டிய வைத்தியர்: டொக்டர் மேரி இரட்ணம்

நமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், இலங்கைப் பெண்களுக்குச் சங்கம் அமைக்கக் கற்பித்த டொக்டர் மேரி இரட்ணம் அம்மையாரை நினைவுகூருவது பொருத்தமென எண்ணுகின்றோம்.

1873 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த அவர், பெண்கள் வைத்தியம் பயில்வது அரிதாயிருந்த காலத்தில் ரொறன்ரோவில் கற்றுத் தேர்ந்தார். 1896 இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்குப் புறப்பட்டார். தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தை மணந்ததால் மிஷன் அவரைக் கைவிட்டது. அவரோ ஊர் திரும்பவில்லை. கொழும்பிலேயே தங்கிப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

மருந்துச் சீட்டினால் மட்டும் தாய்மாரைக் காக்க முடியாது என்பது வைத்தியர்களாகிய நமக்குத் தெரியும். வீட்டிலே எப்போது சாப்பிடுவது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதைத் தானே தீர்மானிக்க முடியாத பெண்ணுக்கு வைத்தியரின் அறிவுரை பாதிதான் பயன்படும். அம்மையார் மீதிப் பாதிக்காக உழைத்தார்.

1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 31ஐத் தாண்டவில்லை. 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே பெண் வாக்குரிமையை எதிர்த்த காலம் அது. எனினும் 1931 இல் 21 வயது நிரம்பிய பெண்களும் வாக்களித்தனர்.

1930 இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமிதி கிராமங்களுக்குச் சென்றது. சுகாதாரம், போசாக்கு, கைத்தொழில் ஆகியவற்றைக் கற்றதோடு, கூட்டம் நடத்தவும் கிராமத்துப் பெண்கள் பழகினர். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அம்மையாரே. 1958 இல் மகசேசே விருது பெற்ற அவர், 1962 இல் மறைந்தார்.

இன்றும் பல சங்கங்களில் கதிரை அடுக்குவதும் வரவேற்பில் நிற்பதும் இளம் பெண்களின் வேலை. தீர்மானம் எடுப்பது வேறு யாரோ. அம்மையாரை மதிப்பதென்றால் அந்த வழக்கத்தை நமது வீட்டிலிருந்தே மாற்றுவோம். இரண்டாம் நூற்றாண்டின் முதற் செயற்குழுவில், அண்மையில் பாடசாலையை விட்டு வெளியேறிய தங்கைகளுக்குப் பதவியும் வாக்கும் காசோலையில் ஒப்பமிடும் உரிமையும் வழங்குவோம். உலகெங்கும் வாழும் சகோதரிகளே, உங்கள் ஆதரவை வேண்டுகின்றோம்.