மின்னொலியில் நடனம் சமைத்தவர்

மின்சாரத்தாற் பிறக்கும் ஒலியிலே உயிரில்லை, அது வெறும் யந்திர இரைச்சல் என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர். பற்றிக் கவுலி என்னும் அமெரிக்கரின் இசையைக் கேட்டபின் அவ்வாறு சொல்லுதல் கடினம்.

1950 ஆம் ஆண்டு ஒக்டோபர் 19 ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரிற் பிறந்த கவுலி, இளமையில் உள்ளூர் வாத்தியக் குழுக்களில் முரசு வாசித்தார். ஆங்கில இலக்கியமும் கற்றார். 1971 இல் சான்பிரான்சிஸ்கோவிற் குடியேறி, அங்குள்ள நகரக் கல்லூரியின் மின்னிசைக் கூடத்திலே பயிலத் தொடங்கினார்.

அந்நாளைய சிந்தசைசர்களிற் பெரும்பாலானவை ஒரு வேளையில் ஒரு சுரத்தையே ஒலிக்க வல்லவை. நமது புல்லாங்குழலும் அத்தகையதே. இராக சங்கீதத்துக்கு அது குறையன்று. மேலைத்தேய இசையோ, பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் ஒத்திசையை வேண்டி நிற்பது. ஆகவே ஒரு சுரவரிசையை ஒலிநாடாவிற் பதிந்து, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மற்றொன்று என அடுக்கவேண்டியிருந்தது. முதலடுக்கிலே தாளம் பிசகினால் மேலடுக்குகள் யாவும் பிசகும். முரசில் வாசித்துத் தேர்ந்த கை இதற்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

1977 இல் மொறோடர், பெலொற் என்போரின் தயாரிப்பில் டொனா சமர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' வெளிவந்தது. ஓயாது சுழலும் மந்தரச் சுரக்கோவை இடம்பெயரும்போது ஒத்திசையும் பெயரும். அவ்வளவே அப்பாடலின் கட்டுமானம். அடுத்த ஆண்டில் கவுலி எவரையுங் கேளாமல் அதனை ஏறக்குறையப் பதினைந்து நிமிடங்களுக்கு நீட்டினார். சுழலும் அடித்தளத்தை அப்படியே ஓடவிட்டு, தமது மின்னொலிகளை அதன்மேல் இழைத்தார். முறைப்படி அது வெளியானது 1982 இலேயே.

தேவாலயத்திற் பாடி வளர்ந்த சில்வெஸ்ரர் என்னும் பாடகரின் துணை அவருக்கு வாய்த்தது. கவுலி அப்போது நடனக்கூடமொன்றில் ஒளியமைப்பாளர். சில்வெஸ்ரரின் 'யூ மேக் மீ ஃபீல்' முதலில் வேகங் குறைந்த, தேவாலயச் சாயல் கொண்ட பாடலாகவே இருந்தது. 1978 இல் கவுலியின் சிந்தசைசர் சேர்ந்ததும் அது பறந்தது. குரலின் பக்தி வேகத்தை யந்திரம் கெடுக்கவில்லை, தாங்கிச் சென்றது. தன்பாலின விருப்பினரான அவ்விருவரும் ஒதுக்கப்பட்டோருக்கு ஆடுகளம் அமைத்தவர்கள் என்பதையும் இங்கு மறைத்தலாகாது.

1981 இல் அவரது 'மெனர்ஜி' அமெரிக்க நடன இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் உடலோ நலியத் தொடங்கியிருந்தது. நோய் இன்னதென வைத்தியர்களுக்கே தெளிவில்லை. எயிட்ஸ் என்ற பெயரே 1982 செப்டெம்பரிலேதான் வழக்கிற்கு வந்தது. அந்நிலையிலும் சில்வெஸ்ரரோடு 'டூ யா வான்னா ஃபங்க்' பாடலை ஆக்கினார். 'மைன்ட் வார்ப்' என்னும் தொகுப்பையும் முடித்தார். 1982 நவம்பர் 12 இல், முப்பத்திரண்டாம் வயதில், மறைந்தார். சில்வெஸ்ரரையும் 1988 இல் அந்நோயே கொண்டுசென்றது.

கவுலி விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள் பல, ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழிந்து, 2009 முதலாக ஒவ்வொன்றாய் இசைத்தட்டேறின.