தமிழே தெரியாது, ஆனா எம்.ஜி.ஆரை அறிமுகப்படுத்தியவர்: யார் இந்த எல்லிஸ் ஆர். டங்கன்?

தாம்பரம், கிண்டி பக்கம் இருப்பவர்களுக்கு ராமாவரம் தோட்டம் என்றாலே எம்.ஜி.ஆர் ஞாபகம்தான் வரும். அவரது முதல் படத்தை இயக்கியவர் ஒரு அமெரிக்கர் என்பது பலருக்குத் தெரியாது.

எப்படி வந்தார்?

1909-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் பிறந்தவர் டங்கன். கலிஃபோர்னியாவில் சினிமா படித்தார். கூடப் படித்த மாணிக்லால் டாண்டனுடன் 1935-ல் இந்தியா வந்தார். சில மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவர், 15 வருஷம் இங்கேயே இருந்துவிட்டார்.

டாண்டனுக்கு வந்த 'சதிலீலாவதி' வாய்ப்பு, அவர் வேறு படத்தில் பிஸியாக இருந்ததால் டங்கனுக்குக் கிடைத்தது. எஸ்.எஸ்.வாசன் கதை. 1936-ல் வெளியான அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர், டி.எஸ்.பாலையா இருவரும் அறிமுகமானார்கள். எம்.ஜி.ஆருக்கு இன்ஸ்பெக்டராக ஒரு சின்ன வேடம்.

மொழி தெரியாமல் எப்படி?

டங்கன் கடைசிவரை தமிழ் கற்கவில்லை. இரு மொழியும் தெரிந்த உதவியாளர்களை வைத்தே வேலை வாங்கினார். அன்றைய படங்கள் பெரும்பாலும் மேடை நாடகத்தை அப்படியே படம்பிடித்தது போல இருக்கும். பணமும் வசதியும் குறைவு. டங்கன் கேமராவை நகர்த்தினார், முகங்களுக்கு க்ளோஸ்-அப் வைத்தார். மொழி கைகொடுக்காத இடத்தில் கேமரா பேசியது.

'மீரா' (1945) படத்துக்காக எம்.எஸ்.சுப்புலட்சுமியின் மார்பளவு சிலை ஒன்றைச் செய்யச் சொல்லி, அதன்மேல் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகே ஷூட்டிங் போனார்.

ஆனால் வசனத்தின் பலம் அவருடையது அல்ல. 'அம்பிகாபதி'யில் (1937) இளங்கோவனும், 'மந்திரி குமாரி'யில் (1950) கருணாநிதியும் எழுதியதுதான் அந்தப் படங்களைப் பேசவைத்தது.

பிறகு என்ன ஆனார்?

'பொன்முடி' (1950) காதல் காட்சிகளில் நெருக்கம் அதிகம் என்று விமர்சனம் வந்தது. அதே ஆண்டு 'மந்திரி குமாரி'யை முடிக்கும் முன்பே ஊர் திரும்பினார். மீதியை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் முடித்தார். அந்தப் படம் எம்.ஜி.ஆரைப் பெரிய ஹீரோ ஆக்கியது.

அமெரிக்காவில் டங்கன் ஆவணப்படங்கள் எடுத்தார். அங்கே அவர் பெரிய பெயர் இல்லை. 2001-ல் மறைந்தார்.

பின்னாளில் தமிழ்நாட்டின் முதல்வர்களான இரண்டு பேர், எம்.ஜி.ஆரும் கருணாநிதியும், சேர்ந்து வேலை பார்த்த படத்தின் டைட்டிலில் இயக்குநராக இன்றும் அவர் பெயர் இருக்கிறது.