கெப்பெட்டிப்பொல திசாவையும் கண்டியின் குடும்ப அரசியலும்

1818 நவம்பர் 26 ஆம் திகதி கண்டி போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்ட மொனரவில கெப்பெட்டிப்பொல திசாவை, அந்நியருக்கு எதிராகப் போராடிய சிங்கள வீரராகவே நமக்கு அறிமுகமானவர். அவரது வீரத்தில் ஐயமில்லை. ஆயினும், மாத்தளையின் மொனரவிலவைப் பூர்வீகமாகக் கொண்ட இப்பிரபுவின் வாழ்வை இனம் என்ற ஒன்றை மட்டும் வைத்து நோக்குவோமாயின், அதன் மிக முக்கியமான திருப்பம் விளங்காமலேயே போய்விடும். தம் சகோதரியையும் அவரது பிள்ளைகளையும் கொல்வித்த மன்னனின் உறவினன் எனக் கூறிக்கொண்ட ஒருவனுக்காக அவர் உயிரைப் பணயம் வைத்தது ஏன்?

இதற்கு விடை காண, கண்டி இராச்சியத்தில் குடும்பம் எவ்வாறு அமைந்திருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அங்கே திருமணம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. மணமகள் கணவன் வீடு சென்றால் அது ‘தீக’ மணம். கணவன் மனைவியின் வீட்டில் வந்து குடியேறினால் அது ‘பின்ன’ மணம். பெண்ணின் சொத்துரிமை இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைந்தது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பேணிவரும் தாய்வழிக் குடிமுறையையும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் வழக்கத்தையும் அறிந்த நம் வாசகர்களுக்குப் பின்ன மணம் அந்நியமாகத் தோன்றாது. விவசாயக் குடும்பங்களிலோ, வயல் துண்டுபடாதிருக்கச் சகோதரர் இருவர் ஒரே மனைவியுடன் ஒரு வீட்டில் வாழும் வழக்கமும் இருந்தது. 1859 இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டத்தால் தடுத்ததுடன், பதிவு செய்யப்படாத மணங்களையும் செல்லாதவையாக்கினர். அதன் விளைவாக எத்தனையோ பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகப் பிறந்தோராயினர். (பின்னாளில் மன்னார் வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் குடும்பத்தை லயன் அறை வடிவமைத்த கதை தனியே எழுதப்பட வேண்டியது.)

ரதல எனப்பட்ட பிரபுக் குலத்தவரின் நிலை வேறு. அவர்கள் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். கெப்பெட்டிப்பொலவின் சகோதரி, இராச்சியத்தின் மிகப் பலம்வாய்ந்த பிரதானிகளுள் ஒருவரான எஹலேபொலவுக்கு வாழ்க்கைப்பட்டதும் இவ்வகையிலேயேயாகும். இவ்வாறு இணைந்த வீடுகள் ஒன்றையொன்று தாங்கின. அதே அளவுக்கு ஒன்றையொன்று சந்தேகிக்கவும் செய்தன. தம்மிற் சமமான ஒரு வீட்டிலிருந்து அரசன் தோன்றுவதை வேறெந்த வீடும் பொறுத்துக்கொள்ளாது.

இதனாலேயே அரசிகள் மதுரை நாயக்கர் குடும்பங்களிலிருந்து வருவிக்கப்பட்டனர். 1739 இல் நரேந்திரசிங்க மன்னன் மறைந்தபோது, சிங்களத் துணைவிக்குப் பிறந்த மகன் இருந்தும் அவருக்கு அரியணை கிட்டவில்லை. அரசியின் சகோதரரே மன்னரானார். தாயின் குல நிலை மகனின் உரிமையைத் தீர்மானித்தது. தமிழும் தெலுங்கும் வழங்கிய அந்த அரச குடும்பம் 1815 வரை நான்கு மன்னர்களைத் தந்தது. அவர்களை அந்நியர் என்று சொல்லிக் கவிழ்க்க முனைந்த பிரதானிகளும் இருந்தனர். ஆனால் அந்த அந்நியத்தன்மையே பிரபுக்களின் வீடுகளிடையே சமநிலையைக் காத்தது என்பதே எமது கணிப்பு.

மாகாணங்களை ஆளச் சென்ற பிரதானிகளின் மனைவி மக்கள், அவர்களது விசுவாசத்துக்குப் பிணையாகத் தலைநகரில் இருக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். 1814 இல் எஹலேபொல ஆங்கிலேயரிடம் தஞ்சமடைந்தபோது, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் தண்டனை அவரது குடும்பத்தின் மீதே விழுந்தது. பிள்ளைகள் வாளுக்கு இரையாயினர்; குமாரிஹாமி நீரில் மூழ்கடிக்கப்பட்டார். கணவனின் குற்றத்துக்கு மனைவியும் பாலகரும் பொறுப்பாளிகள் எனக் கருதிய அரச நீதியின் கொடூரம் அது. அதில் மாண்டது கெப்பெட்டிப்பொலவின் சொந்த இரத்தம்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஊவாவின் திசாவை என்ற வகையில் கெப்பெட்டிப்பொலவும் அதில் ஒப்பமிட்டார். ஒப்பமிட்ட பிரதானிகளுள் சிலர் தமிழ் எழுத்துகளைக் கையாண்டிருந்தமை குறிப்பிடத்தக்கது. நாயக்க வம்சத்தின் அரசுரிமை ஒழிக்கப்படுவதாகவும், மன்னனின் ஆண் உறவினர்களும் அவ்வாறு உரிமை கோருவோரும் கண்டிப் பிரதேசங்களுக்குள் நுழையலாகாது எனவும் அவ்வொப்பந்தம் விதித்தது. ஒரு குடும்பமே சட்டத்தால் நாட்டுக்கு வெளியே தள்ளப்பட்டது.

பழிக்குப் பழி தீர்ந்தது என்று கெப்பெட்டிப்பொல அமைதியடைந்திருக்கலாம். ஆனால் புதிய ஆட்சியில் அரசனே இல்லை. பிரபுக்களின் வீடுகளுக்குத் தகுதி வழங்கும் தலைவீடு மறைந்து போயிற்று. சாதாரண ஆங்கிலச் சிப்பாயும் தம்மை மதியாது கடந்து செல்வதைப் பிரதானிகள் கண்டனர்.

1817 இல் ஊவா, வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. வெல்லஸ்ஸ முஸ்லிம்கள் அதுவரை அப்பகுதித் திசாவையின் அதிகாரத்தின் கீழ் இருந்தவர்கள். தவளமாட்டுப் போக்குவரத்தை நடத்திய மடிகே சேவை பெரும்பாலும் முஸ்லிம்கள் கையில் இருந்தது. ஹாஜி என அறியப்பட்ட ஒரு முஸ்லிமை ஆங்கிலேயர் அதன் முகாந்திரமாக நியமித்து, திசாவையின் பிடியிலிருந்து அம்மக்களைப் பிரித்தெடுத்தனர். ஹாஜி கிளர்ச்சியாளரால் கொல்லப்பட்டார். விசாரிக்கச் சென்ற ஆங்கில அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். இதனைச் சிங்கள முஸ்லிம் பகையின் தொடக்கமாகக் காட்டுவோர் உளர். எமக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை ஏற்றுக் குடியமர்த்திய இராச்சியம் அது. கண்டி முஸ்லிம் குடும்பங்கள் பல இன்றும் ‘கெதர’ என முடியும் சிங்கள வீட்டுப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. பறிபோனது ஒரு பிரபுவின் அதிகாரம். அந்த மனக்குறையின் விலையை ஒரு முஸ்லிம் செலுத்தினார்.

கிளர்ச்சியை அடக்குமாறு ஆள்களுடன் அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல கிளர்ச்சியாளருடன் இணைந்தார். ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பியனுப்பினார். அவர் சேர்ந்து கொண்ட அரசுரிமையாளன் தன்னைத் துரைசாமி என்ற நாயக்க இளவரசன் எனக் கூறிக்கொண்டவன். உண்மையில் அவன் வில்பாவே என்ற, முன்னர் துறவியாயிருந்த சிங்களவன். இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். கண்டி மக்களைத் திரட்ட ஒரு சிங்களவன் தமிழ்ப் பெயரைச் சூட வேண்டியிருந்தது. ஏனெனில் அரசனுக்கு வேண்டியது இனமன்று, குலம். சகோதரியின் கொலையை மறந்தல்ல, அந்த அமைப்பை இழக்க மனமின்றியே கெப்பெட்டிப்பொல அவனது மகா அதிகாரம் பதவியை ஏற்றார் எனக் கருத இடமுண்டு. பிரதானிகளுள் ஒருவரான மடுகல்ல போலி வேடத்தைக் கண்டறிந்து வில்பாவேயைத் தொழுமரத்தில் மாட்டியதும் கிளர்ச்சி சிதறலாயிற்று.

1818 ஒக்டோபர் இறுதியில் அநுராதபுரப் பக்கத்தில் கெப்பெட்டிப்பொல பிடிபட்டார். மடுகல்லவும் அவரும் ஒரே நாளில் தண்டிக்கப்பட்டனர். தலதா மாளிகையில் வழிபட்டு, அஞ்சாது வாளுக்குக் கழுத்தைக் கொடுத்த அவரது மண்டையோட்டை, இராணுவ வைத்தியரான ஹென்றி மார்ஷல் எடின்பரோவுக்குக் கொண்டு சென்றார். தலையின் வடிவைக் கொண்டு மனிதரின் குணத்தை அளக்கலாம் என நம்பியோரின் சங்கத்தில் அது வைக்கப்பட்டது. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் நாடு திரும்பிய அது, 1954 இல் கண்டியில் தலதா மாளிகையின் முன்னால் நினைவுச் சின்னத்தின் கீழ் வைக்கப்பட்டது. அவரைத் துரோகியென அறிவித்த 1818 ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் 2016 இல் நீக்கப்பட்டது.

மைத்துனர் எஹலேபொல, ஆங்கிலேயருக்குத் துணைநின்றும் அவர்களது சந்தேகத்துக்கு ஆளாகி மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829 இல் அங்கேயே இறந்தார். குமாரிஹாமியைக் கொல்வித்த மன்னர் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832 இல் மறைந்தார். அவரது சமாதி பாலாற்றங்கரையில் உள்ளது.