வதைமுகாமின் மருத்துவிச்சி

பேறுகாலம் நெருங்கும் வீட்டில் எத்தனை ஆயத்தங்கள்! சுடுநீர், வெள்ளைத் துணி, தாய்க்குச் சரக்குக்கறி. இவை எதுவுமற்ற இடத்தில் பிரசவம் பார்த்த ஒரு தாயை இன்று நினைத்துப் பாருங்கள்.

போலந்தின் வூட்ஜ் நகரில் 1896 இல் பிறந்த ஸ்தனிஸ்வாவா லெஷ்சின்ஸ்கா நான்கு பிள்ளைகளின் தாய், கத்தோலிக்கர், தொழிலால் மருத்துவிச்சி. 1943 ஏப்ரலில் நாசிகள் அவரையும் மகளையும் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைத்தனர். அங்கே, கொட்டிலின் நடுவே நீண்டு கிடந்த செங்கல் அடுப்பே பிரசவக் கட்டிலாயிற்று. நீர் அரிது, மருந்து இல்லை, எலிகளுக்கோ குறைவில்லை. பிள்ளையைச் சுற்ற ஒரு துணி வேண்டுமாயின், தாய் தன் பாண் துண்டை உண்ணாது சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிறக்கும் சிசுக்களைக் கொல்லுமாறு அவருக்குக் கட்டளை வந்தது. அவர் மறுத்தார். தம் கைகளில் ஒரு தாயேனும் பிரசவத்தில் இறக்கவில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தபோது முகாம் வைத்தியர் நம்ப மறுத்தார். ஏறத்தாழ 3000 சிசுக்களை அவர் கையேந்தினார். அவர்களுக்குத் திருமுழுக்கும் அளித்தார். முகாமிலிருந்து உயிருடன் மீண்டவர்களோ சுமார் 30 பேரே. இந்த எண்ணை வாசித்தபின் அடுத்த வரிக்குச் செல்ல மனம் இலகுவில் இடம் தராது. பெரும்பாலானோர் நீரில் அமிழ்த்தப்பட்டும் பசியாலும் குளிராலும் மடிந்தனர். சில நூறு பேர் ஜேர்மனியராக வளர்க்கப்படவெனப் பறித்துச் செல்லப்பட்டனர். என்றாவது பெற்றவள் தன் பிள்ளையை அடையாளம் காணட்டும் என்று, அக்குழந்தைகளின் உடலில் அவர் இரகசியமாகப் பச்சை குத்திவிட்டார்.

போர் முடிந்ததும் வூட்ஜ் திரும்பி, மீண்டும் பேற்றுக்காரரின் வீடு தேடி நடந்தார். 1974 இல் அவர் இறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், வார்சோவில், முகாமில் பிறந்து பிழைத்த சிலர் வளர்ந்தவர்களாய் தம் அன்னையரோடு அவர் முன் வந்து நின்றனர்.