ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட்டா? 1936-ல் எம்.ஜே.கோபாலன் எடுத்த முடிவும், 25 வருட மெட்ராஸ் ஆட்டமும்

ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு ஆஃபர் வந்து, எதை எடுப்பது எனத் தெரியாமல் ராத்திரி தூக்கம் கெட்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். பெரம்பலூரில் பஸ் ஏறி சென்னை வந்து செட்டில் ஆனவர்களிடம் கேட்டால், அன்றைக்கு வேண்டாம் என்று விட்ட ஆஃபரைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள்.

இதே சிக்கல் 1936-ல் மெட்ராஸ்காரர் ஒருவருக்கு வந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடப்போகும் இந்திய ஹாக்கி அணிக்கான தேர்வு. இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் இந்திய கிரிக்கெட் அணியில் இடம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கிரிக்கெட் அணியில் அவருக்கு ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை.

அவர்தான் எம்.ஜே.கோபாலன். இந்த ஒரு சம்பவத்தை மட்டும் வைத்து அவரைத் துரதிர்ஷ்டசாலி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் முழுக் கதை அப்படி இல்லை.

யார் இந்த கோபாலன்?

முழுப் பெயர் மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன். பெயரின் முதலில் இருக்கும் 'எம்', சொந்த ஊரான மொரப்பாக்கம். பதிவேடுகளின்படி பிறந்த தேதி 1909 ஜூன் 6. சின்ன வயதிலேயே குடும்பம் மெட்ராஸுக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. அங்கிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போகிற தூரம்தான்.

வலது கை வேகப்பந்து வீச்சாளர். தேவைப்படும்போது நின்று ரன் சேர்க்கும் பேட்ஸ்மேனும்கூட. இது போக, அகில இந்திய அளவில் பேசப்பட்ட ஹாக்கி வீரர். ஒரே ஆள் இரண்டு விளையாட்டிலும் நாட்டுக்காக ஆடுவது அப்போதும் அபூர்வம், இப்போதும் அபூர்வம்.

அவரைக் கண்டெடுத்தவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் கென்ட் கவுண்டிக்கு ஆடியவர், மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் முக்கியமானவர். கோபாலனுக்கு பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. 1976-ல் அரசுடைமையாகி, இன்று நாம் பெட்ரோல் போடும் பாரத் பெட்ரோலியமாக மாறியிருப்பது அதே நிறுவனம்தான்.

அப்போது கிரிக்கெட் ஆடினால் சம்பளம் உண்டா?

ஏலம், கான்ட்ராக்ட், மேட்ச் ஃபீஸ் எதுவும் இல்லாத காலம் அது. திறமை இருக்கும் ஒருவர் விளையாட்டை விடாமல் தொடர இரண்டு வழிகள்தான் இருந்தன.

முதல் வழி, மகாராஜாக்களின் ஆதரவு. சமஸ்தானத்தில் ஒரு பதவி, மாதச் சம்பளம், பதிலுக்கு அரண்மனை அணிக்கு ஆட வேண்டும். சி.கே.நாயுடு, முஷ்டாக் அலி போன்றவர்கள் ஹோல்கர் அணிக்கு ஆடியதும், மகாராஷ்டிராவில் தொடங்கிய விஜய் ஹசாரே பரோடா போனதும் இந்த ஏற்பாட்டில்தான். இன்றைய ஐ.பி.எல் உரிமையாளர்களுக்கு முன்னோடி என்றால் அந்த மகாராஜாக்களைச் சொல்லலாம். 1944-45 ரஞ்சி இறுதிப் போட்டியில் ஹோல்கர் அணிக்காக இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டனே களமிறங்கி ஆட்டமிழக்காமல் 249 ரன் அடித்திருக்கிறார்!

இரண்டாவது வழி, கம்பெனி வேலை. வாரம் முழுக்க அலுவலகம், மேட்ச் இருந்தால் லீவ். கோபாலன் போனது இந்த வழியில்தான். இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை வாங்க வேண்டும் என்று அரியலூர் பையன் ஒருவன் கனவு காண்கிறான் என்றால், அந்தக் கனவுக்கு வயது கிட்டத்தட்ட நூறு.

ரஞ்சி கோப்பையின் முதல் பந்து

1926-27 சீசனில் முதல்தர கிரிக்கெட்டுக்குள் வந்தார் கோபாலன். அப்போது ரஞ்சி கோப்பையே கிடையாது. மெட்ராஸில் பெரிய விசேஷம் என்றால் பொங்கல் சமயத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடக்கும் பிரசிடென்சி மேட்ச்தான். சேப்பாக்கத்தில் கூட்டம் அள்ளும்.

1934 நவம்பர் 4. ரஞ்சி கோப்பை என்ற புதுத் தொடரின் முதல் ஆட்டம், மெட்ராஸ் - மைசூர், இடம் சேப்பாக்கம். முதல் பந்தை வீசியவர் கோபாலன். இன்று வரை ரஞ்சியில் லட்சக்கணக்கான பந்துகள் வீசப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்கு அவர் கையிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த ஆட்டம் முடிந்த விதமும் சுவாரஸ்யம். மைசூர் 48 ரன்னுக்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி இறங்கிய மைசூர் 59-க்குச் சுருண்டது. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் மெட்ராஸ் வெற்றி, அதுவும் ஒரே நாளில்! சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 11 விக்கெட் எடுத்தார், மொத்தம் கொடுத்தது 35 ரன். இந்த ராம்சிங்கின் குடும்பம் பின்னால் மீண்டும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு டெஸ்ட்

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே கோபாலன் டெஸ்ட் வீரர் ஆகிவிட்டார். 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில், டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராக அறிமுகம். நம் பக்கம் கேப்டன் சி.கே.நாயுடு.

இங்கிலாந்து 403 ரன் குவித்தது. நம் அணி 247 எடுத்து ஃபாலோ ஆன் ஆனது. விக்கெட் கீப்பர் திலாவர் உசேன் தலையில் அடிபட்டுக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து இரண்டு இன்னிங்ஸிலும் அரை சதம் அடித்தார். ஒருவழியாக ஆட்டம் டிராவில் முடிந்தது. கோபாலன் கணக்கில் ஆட்டமிழக்காமல் 11, அடுத்த இன்னிங்ஸில் 7, பந்துவீச்சில் ஒரு விக்கெட்.

அடுத்த டெஸ்ட் அடுத்த மாதமே, அதுவும் சேப்பாக்கத்தில். அந்த மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட் போட்டி அதுதான். திருவல்லிக்கேணியில் வளர்ந்த பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஆடும் பதினோரு பேரில் கோபாலன் இல்லை. அதன் பிறகு அவர் எந்த டெஸ்டிலும் ஆடவில்லை. அவர் வாழ்க்கையில் மொத்தம் ஒரு டெஸ்ட்தான்.

அந்த முடிவு

இப்போது ஹாக்கி பக்கம் வருவோம். 1928, 1932 என இரண்டு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற அணி இந்தியா. 1935-ல் தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணம் போன அணியில் கோபாலனும் இருந்தார். அந்தப் பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டது. அடித்த கோல்களில் 201 தயான் சந்துடையது. எதிரணிகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருடமே ஒலிம்பிக். தேர்வுப் போட்டிகள் கல்கத்தாவில். அதே நேரம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்கும் கோபாலன் பெயர் அறிவிக்கப்பட்டது. கோடைக்காலம் முழுவதும் நீளும் பயணம் அது. ஒலிம்பிக்கோ ஆகஸ்டில். இரண்டையும் சமாளிக்க வழியே இல்லை. ஹாக்கித் தேர்வுக்குப் போகாமல் இங்கிலாந்து கிளம்பினார் கோபாலன்.

இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தால் தப்புக் கணக்கு மாதிரி தெரியும். ஆனால் அன்றைய நிலவரத்தில் வைத்துப் பாருங்கள். ஹாக்கியில் அவர் தேர்வில் கலந்துகொண்டு ஜெயிக்க வேண்டும். கிரிக்கெட்டில் இடம் உறுதி. அவர் டெஸ்ட் கணக்கில் இருந்ததும் ஒரே ஒரு ஆட்டம்தான், அதை நீட்டிக்கும் வாய்ப்பு இது. கையில் இருக்கும் ஆஃபரை விட்டுவிட்டு இன்டர்வியூவுக்குப் போவோமா என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொன்னால், குழப்பம். கேப்டன் பதவி ஆட்டத்திறனுக்காக இல்லாமல், செல்வாக்கால் விஜயநகரம் மகாராஜ்குமாரிடம் போயிருந்தது. அணிக்குள் கோஷ்டி. நல்ல ஃபார்மில் இருந்த லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் கொண்ட தொடர் 2-0 எனக் கைவிட்டுப் போனது. மூன்றிலும் கோபாலன் பெஞ்சில்தான்.

அதே அணியில் இன்னொரு மெட்ராஸ்காரரும் இருந்தார். கோட்டா ராமசுவாமி. டென்னிஸில் டேவிஸ் கோப்பை ஆடிவிட்டு, 40 வயதில் மான்செஸ்டரில் டெஸ்ட் அறிமுகமாகி 40, 60 என ரன் அடித்தார். இரண்டு விளையாட்டுகளில் இந்தியாவுக்கு ஆடிய இரண்டு மெட்ராஸ்காரர்கள் ஒரே அணியில். ஒருவருக்குக் கடைசி நேரத்தில் கதவு திறந்தது, இன்னொருவருக்குத் திறக்கவே இல்லை.

1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டி. ஜெர்மனியை 8-1 எனத் தோற்கடித்து இந்தியா மூன்றாவது முறையாகத் தங்கம் வென்றது. அன்றைக்கு கோபாலன் இங்கிலாந்தில், கிரிக்கெட் அணியோடு இருந்தார்.

திரும்பி வந்து என்ன செய்தார்?

கோபாலன் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். ஊர் திரும்பினார், மெட்ராஸுக்கு மறுபடி ஆடத் தொடங்கினார். ஒரு சீசன், இரண்டு சீசன் இல்லை. இன்னும் பதினைந்து வருடங்கள்! உலகப் போர் வந்து சர்வதேச கிரிக்கெட் நின்றுபோனது, பிறகு நாடு சுதந்திரம் அடைந்தது, சமஸ்தானங்கள் மறைந்தன. அவர் சட்டையில் இருந்த அணியின் பெயர் மட்டும் மாறவில்லை.

மெட்ராஸ் அப்போது சாம்பியன் அணி இல்லை. 1935-36 இறுதிப் போட்டியில் பம்பாயிடம் தோல்வி. 1940-41 இறுதிப் போட்டியில், சொந்த மண்ணான சேப்பாக்கத்திலேயே மகாராஷ்டிராவிடம் தோல்வி.

1951-52 சீசனோடு அவர் முதல்தர கிரிக்கெட்டை முடித்துக்கொண்டார். அதே சீசனில், 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. நடந்த இடம் சேப்பாக்கம்! மெட்ராஸ் முதல் முறையாக ரஞ்சி கோப்பை வென்றது 1954-55-ல், ஹோல்கர் அணியைத் தோற்கடித்து. அந்த வெற்றியில் பெரிய பங்கு ஏ.ஜி.கிருபால் சிங்குக்கு. ஆமாம், அந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் கோபாலனோடு ஆடிய ராம்சிங்கின் மகன்தான். அணி கோப்பையைத் தூக்கியபோது கோபாலன் தலைமுறையின் காலம் முடிந்திருந்தது.

கோபாலன் கணக்கு: ஒரு பார்வை

• முதல்தர ஆட்டங்கள்: 78
• ரன்: 2,916
• விக்கெட்: 194
• டெஸ்ட்: 1 (18 ரன், 1 விக்கெட்)
• முதல்தர கிரிக்கெட் ஆடிய காலம்: 1926-27 முதல் 1951-52 வரை

25 வருடத்துக்கு 78 ஆட்டம்தானா என்று தோன்றலாம். அப்போது ரஞ்சி நாக் அவுட் முறையில் நடந்தது. தோற்றால் அந்த சீசன் அவ்வளவுதான், ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போன வருடங்களும் உண்டு. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வருடம் காத்திருந்து உடம்பை ஃபிட்டாக வைத்திருக்க வேண்டும், அதுவும் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே.

ஊர் என்ன திருப்பிக் கொடுத்தது?

முதல்தர கிரிக்கெட்டில் அவருடைய 25 வருடங்களைக் கொண்டாடும் வகையில், 1952-53-ல் மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் இடையே 'கோபாலன் டிராபி' தொடங்கப்பட்டது. வீரர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் இரு நாட்டுக் கோப்பை! இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல்தான். அதுவரை அந்த நாட்டு வீரர்களுக்கு முதல்தர ஆட்டம் கிடைத்த முக்கியமான மேடைகளில் ஒன்று இந்தக் கோப்பை. கோபாலன் 1950-களில் இந்திய அணித் தேர்வாளராகவும் இருந்தார்.

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். அந்தச் சமயத்தில் உலகில் உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

இப்போது ஏன் இந்தக் கதை?

2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில், பாகிஸ்தானுக்கு எதிரான அறிமுக ஆட்டத்திலேயே கோல் அடித்தார் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். அடுத்த வருடம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வென்ற அணியிலும் இருந்தார். அதற்குப் பிறகு, பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஹாக்கி மட்டையைக் கையில் எடுக்கும் பையன்களுக்கு, நம்ம ஊரிலிருந்தும் இந்திய அணிக்குப் போக முடியும் என்று காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

அந்தப் பையன்களும் ஒரு நாள் ஹாக்கியா கிரிக்கெட்டா, விளையாட்டா வேலையா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவு தப்பாகவும் போகலாம். கோபாலனுக்குப் போனது. ஒரு தங்கப் பதக்கம் கிடைக்கும் வாய்ப்பு போனது, அதை எந்தக் கோப்பையும் ஈடு செய்யாது. ஆனால் 1936-ல் அவருக்கு வயது 27. அதோடு நின்றிருந்தால் அவர் பெயர் ஒரு வினாடி வினா கேள்வியாக மட்டும் மிஞ்சியிருக்கும். அடுத்த பதினைந்து வருடம் சேப்பாக்கத்துக்கு ஆடப் போனதால்தான், அவர் பெயரில் ஒரு கோப்பையும் இருக்கிறது.