குளிர்ல ஓடச் சொன்ன முங்காச்சி!

திருநகர்லேருந்து தனுஷ்கோடிக்கு அவுட்டோர் ஷூட் போறவங்களுக்கு முதல் வில்லன் காத்துதான். முடி கலையும், துணி பறக்கும், லென்ஸ்ல உப்பு படியும். பேசாம பேக்கப் சொல்லிடலாமானு தோணும். 1933-ல மார்ட்டின் முங்காச்சி அப்படிச் சொல்லலை.

1896-ல பிறந்த ஹங்கேரிக்காரர். விளையாட்டு மைதானங்கள்ல படமெடுத்துப் பழகின கை. பெர்லின் பத்திரிகைகள்ல பெரிய பெயர். நியூயார்க் வந்தவரை, 'ஹார்ப்பர்ஸ் பஜார்' எடிட்டர் கார்மெல் ஸ்னோ லாங் ஐலேண்ட் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனார். எடுக்கவேண்டியது நீச்சலுடை, அடிச்சதோ நடுங்கவைக்கிற குளிர், வானமும் மங்கல். அவருக்கு இங்கிலீஷும் வராது! மாடல் லூசில் புரோகாவைக் கையை ஆட்டியே ஓடிவரச் சொன்னார். மேலங்கி பின்னால பறக்க அவங்க ஓடிவர, க்ளிக்!

ஃபேஷன் படம்னா ஸ்டூடியோவுக்குள்ள சிலை மாதிரி நிக்கிறதுனு இருந்த காலம் அது. டிசம்பர் இதழ்ல வந்த இந்தப் படம் அதை உடைச்சது. பின்னாடி வந்த ரிச்சர்ட் அவெடனுக்கே இவர்தான் மானசீக குரு.

ஆனா கடைசிக் காலத்துல கையில காசில்லை. 1963-ல ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போன இடத்துல மாரடைப்பு வந்து இறந்தார். அவர் விட்டுட்டுப்போன படங்களை வாங்கிக்கச் சொல்லிக் கேட்டப்போ, மியூசியங்களும் பல்கலைக்கழகங்களும் வேணாம்னுட்டாங்க. நம்ப முடியுதா?